கிட்டாருக்குப் பூட்டுப் போட்ட கதை

இனிமேல் உட்கார்ந்து வாசிப்பதில்லை, நின்றுதான் வாசிப்பேன் என்று ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தேன். முடிவெடுத்தபோது உட்கார்ந்துதான் இருந்தேன். வலது கால் பெருவிரலில் ஐஸ் கட்டி இருந்தது.

நடந்தது இதுதான். எங்கள் அலுவலகத்தின் இருபத்தைந்தாவது ஆண்டு விழாவுக்கு ஊழியர்களே சேர்ந்து ஓர் இசைக்குழு அமைத்திருக்கிறோம். கணக்குப் பிரிவுக்காரர் டிரம்ஸ். கிடங்கு மேற்பார்வையாளர் கீபோர்டு. வரவேற்பில் இருக்கும் அம்மா பாட்டு. எலக்ட்ரிக் கிட்டார் அடியேன். அன்றைய ஒத்திகையில் எனக்கு உணர்ச்சி மேலிட்டு, ஓர் எட்டு முன்னால் வைத்தேன். கிட்டார் என்னோடு வரவில்லை. தோளில் மாட்டியிருந்த வார் கிட்டாரின் குமிழிலிருந்து நழுவி, நாலு கிலோ மரமும் இரும்பும் நேராக என் பெருவிரல் மேல் இறங்கியது.

மேலாளர் ஓடி வந்து குனிந்து பார்த்தார். என் விரலை அல்ல, தரையில் ஒட்டியிருந்த புது டைல்ஸை.

"விழாவில நீங்க நாற்காலியில உட்கார்ந்தே வாசிச்சிடுங்க" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவனைப் பார்த்திருக்கிறீர்களா? பல் டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவன் மாதிரி இருப்பான். முன்னூறு பேர் பார்க்கும் மேடையில் நான் அப்படி இருக்கத் தயாராக இல்லை.

இந்த வியாதிக்கு மருந்து உண்டு. பூட்டு. கிட்டாரின் உடம்பில் இரண்டு குமிழ்கள் இருக்கும். ஒன்று அடிப்பக்கம். இன்னொன்று மேலே கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில். வாரின் இரண்டு முனை ஓட்டைகளையும் இந்தக் குமிழ்களில் செருகி வைக்கிறோம். மொத்தப் பிடிமானமே அவ்வளவுதான். பழைய குமிழ்களைக் கழற்றிவிட்டு, பூட்டுக் குமிழ்களை ஸ்க்ரூ போட்டு முடுக்கி, வாரில் அவற்றின் ஜோடிகளைப் பொருத்திவிட்டால் 'க்ளிக்' என்று கவ்விக்கொள்ளும். நடுவில் இருக்கும் பித்தானை இழுத்தால்தான் விடும். அதற்கப்புறம் நான் மேடையில் தலைகீழாகத் தொங்கினாலும் கிட்டார் என்னைப் பிரியாது.

வெள்ளிக்கிழமையே வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பொட்டலத்தை மேஜை மேல் வைத்தேன். என் மனைவி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கடையிலயே மாட்டிக் கொடுத்திருப்பாங்களே."

"எதுக்கு? எனக்கு மாட்டத் தெரியாதா?"

"தெரியுமா?"

"என் தொழிலே அதுதானே."

"உங்க தொழில் எழுதறது."

இங்கே என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி வாங்கினால் அட்டைப் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, 'பயன்படுத்தும் முன் இதை முழுவதும் படிக்கவும்' என்று? அதை எழுதுபவன் நான்தான். அதிகப் பிரதிகள் அச்சாகி, ஒருவர்கூடப் படிக்காத எழுத்தாளன் என்று என்னைத் தாராளமாகச் சொல்லலாம். 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்ற வாக்கியத்தை மட்டும் நாற்பத்தோரு விதமாக எழுதியிருக்கிறேன்.

"தெரியாமயா எழுதறேன்?" என்றேன்.

"போன வருஷம் ஒரு அலமாரி வாங்கினோமே."

"அது அலமாரியோட தப்பு."

"மூணு நாள்ல சாஞ்சுது."

"கதவு இன்னும் கல்லு மாதிரி இருக்கே?"

"ஆமா. அது மேலதான் இப்ப சாப்பிடறோம்."

இந்த மாதிரி இடங்களில் பேச்சை நீட்டாமல் சவால் விட்டுவிட வேண்டும். விட்டேன்.

"நாளைக்கு நீ டியூட்டி முடிஞ்சு வரும்போது ரெண்டு பூட்டும் கிட்டார்ல இருக்கும். யார் உதவியும் இல்லாம. பந்தயம் வச்சுக்கலாமா?"

அவள் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "வச்சுக்கலாம்."

அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவளுக்கும் ஒரு குறை நெடுநாளாக இருந்தது. அவள் பெரிய ஆஸ்பத்திரியில், எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். காலை ஐந்து மணிக்கு எழுந்து ஓடி, மத்தியானம் ஒன்றரைக்கு வீடு திரும்பி, இரண்டிலிருந்து நாலு வரை தூங்குவாள். சனி, ஞாயிறு எனக்கு விடுமுறை. எனக்கு வாசிக்க மூடு வருவதும் சரியாக இரண்டிலிருந்து நாலு வரைதான். கலைஞனின் மூடை அலாரம் வைத்து வரவழைக்க முடியுமா?

"நீங்களே மாட்டிட்டீங்கன்னா எப்ப வேணும்னாலும் வாசிங்க" என்றாள். "நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீ தூங்கும்போதும்?"

"தூங்கும்போதும். ஆனா யார்கிட்டயாவது உதவின்னு போய் நின்னீங்க, ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் கிட்டார் மூச்சு விடக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"நான் ரிட்டயர் ஆகற வரைக்கும்."

அவள் ரிட்டயர் ஆக இன்னும் பத்தொன்பது வருஷம் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. பத்தொன்பது வருஷத் தூக்கத்தை இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு பணயம் வைக்கிறாளே என்று.

என் மனைவியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினாலு வருஷமாக அதே தியேட்டரில்தான் இருக்கிறாள். கல்யாணமான புதிதில், "அங்க உனக்கு என்ன வேலை?" என்று கேட்டேன். "டாக்டர் கேக்கறதை எடுத்துக் கொடுக்கறது" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. எடுத்துக் கொடுப்பதில் கேட்க என்ன இருக்கிறது? வீட்டில் அவள் கேட்பதையெல்லாம் நானும்தான் எடுத்துக் கொடுக்கிறேன். எனக்கு யாராவது யூனிஃபார்ம் தைத்துக் கொடுத்தார்களா?

சனிக்கிழமை காலை அவள் கிளம்பிப் போனதும் வேலையில் இறங்கினேன். கூடத்தில் போர்வை விரித்து, கிட்டாரை அதன் மேல் படுக்க வைத்தேன். திருப்புளி எடுத்துக்கொண்டேன். பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே, பூட்டுகளோடு ஒரு செயல்முறைத் தாளை மடித்து வைத்திருந்தார்கள்.

சாதாரண மனிதர்கள் அந்தத் தாளைப் படிப்பார்கள், அல்லது தூக்கிப் போடுவார்கள். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். தொழில் புத்தி. எத்தனை வளவளப்பு தெரியுமா? மொத்தம் பதினோரு படிகள். மூன்றாவது படி மட்டும் ஒரு பத்தி நீளம். 'பழைய ஸ்க்ரூவையும் புதிய ஸ்க்ரூவையும் அருகருகே வைத்து ஒப்பிடவும். புதியது தடிமனாக இருந்தால், ஏற்கெனவே உள்ள துளையைத் தகுந்த டிரில் பிட்டால் சற்றே அகலப்படுத்தவும். ஸ்க்ரூவின் மரைகளில் சிறிது சோப்புத் தடவவும். எக்காரணம் கொண்டும் பலவந்தமாக முடுக்க வேண்டாம்.'

வாசகனை முட்டாளாக நினைத்து எழுதும் எழுத்து எனக்கு ஆகாது. 'ஒப்பிடவும்' என்பதை அடித்தேன். கண் இருப்பவன் பார்க்க மாட்டானா? துளை, டிரில் சமாசாரத்தை அடித்தேன். ஏற்கெனவே ஓட்டை இருக்கும்போது எதற்கு இன்னோர் ஓட்டை? 'சோப்பு' என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் 'இது குளியலறை அல்ல' என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் பதினோரு படிகளை நாலு படிகளாகச் சுருக்கிவிட்டேன். கழற்றவும். மாட்டவும். முடுக்கவும். வாசிக்கவும். என் வாழ்நாளில் நான் செய்த மிகச் சிறந்த திருத்தம் அது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

திருத்திய பிரதியைப் பார்த்தே வேலை செய்தேன். அடிப்பக்கக் குமிழ் சமர்த்தாகக் கழன்றது. புதுக் குமிழை வைத்தேன். முடுக்கினேன். சுற்றிச் சுற்றி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எழுந்து நின்று கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டேன். பார்ப்பதற்கு ஆள் இல்லையே என்றுதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவளே போன் செய்தாள்.

"எப்படிப் போகுது?"

"பாதி முடிஞ்சது."

"எந்தப் பாதி?"

"கீழ்ப் பாதி. இன்னும் பத்து நிமிஷத்துல மேல்பாதியும் முடிஞ்சிடும். நீ ஆபரேஷனைக் கவனி. கேக்கறதைச் சரியா எடுத்துக் கொடு."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

மேல்கொம்புப் பக்கம் மரம் கொஞ்சம் இறுக்கம். ஸ்க்ரூ பாதி தூரம் போய் நின்றுவிட்டது. பிடிவாதம் பிடித்தது. பிடிவாதம் பிடிப்பவர்களோடு வாழ்ந்து பழகியவன் நான். கிட்டாரை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் திருப்புளியைப் பிடித்து, எழுபத்தெட்டு கிலோவையும் அதன் மேல் இறக்கி முடுக்கினேன். ஸ்க்ரூ நகர்ந்தது. இன்னும் ஒரு சுற்று. இன்னும் அரைச் சுற்று.

'டக்.'

ஸ்க்ரூவின் தலை தனியாகத் தெறித்து எங்கோ ஓடியது. குமிழ் கையோடு வந்துவிட்டது. மிச்ச ஸ்க்ரூ மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. விரலால் தடவிப் பார்த்தேன். மரத்தின் மட்டத்துக்கு ஒரு நூல் கீழே, பளபளவென்று, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. குறடால் பிடிக்கப் பார்த்தேன், மரம்தான் கீறியது. காந்தத்தை வைத்துப் பார்த்தேன். காந்தம் ஒட்டிக்கொண்டது, ஸ்க்ரூ வரவில்லை. கொஞ்ச நேரம் திட்டியும் பார்த்தேன்.

மணி பத்தரை. அவள் வர மூன்று மணி நேரம் இருந்தது. பத்தொன்பது வருஷம் என்பது சும்மாவா? சனியும் ஞாயிறும் இரண்டு இரண்டு மணி நேரம் வைத்தாலும் நாலாயிரம் மணி நேரத்துக்குக் கிட்டே வருகிறது. அதற்குள் நான் எவ்வளவு பெரிய கலைஞனாகியிருப்பேன்?

ஆனால் ஒன்று. பதற்றத்தில்தான் என் மூளை நன்றாக வேலை செய்யும். யார் உதவியும் இல்லாமல் என்பதுதான் பந்தயம். உதவி கேட்டது அவளுக்குத் தெரியாவிட்டால் அது உதவியே இல்லையே. கிட்டாரை உறையில் போட்டு மூடிக்கொண்டு, எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

எதிர்வீட்டு அண்ணன் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுப் பின்னறையில் இல்லாத கருவி கிடையாது. தெருவில் எவர் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அவர்தான். போன வருஷம் மாடிப்படியில் விழுந்து கணுக்கால் உடைந்ததிலிருந்து லேசாகத் தாங்கித் தாங்கி நடப்பார். அது ஒன்றுதான் அவரிடம் எனக்குப் பயம். நடையால் அல்ல. அந்தக் கணுக்கால் கதையை ஆரம்பித்தார் என்றால் லேசில் நிறுத்த மாட்டார்.

"அண்ணே, ஒரு சின்ன விஷயம். வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம்."

"அப்ப பெரிய விஷயம்தான். உள்ள வாங்க தம்பி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொம்பைப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கால் 'ச்சு' கொட்டினார்.

"பலமா முடுக்கினீங்களோ?"

"ஸ்க்ரூ பலவீனம்ணே."

"மட்டத்துக்குக் கீழ போயிடுச்சு. குறடுக்குப் பிடி கிடைக்காது. என்னால முடியாது தம்பி."

"என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க?"

"என்னாலதான் முடியாதுன்னேன். இந்த மாதிரி உடைஞ்ச ஸ்க்ரூ எடுக்கறதுக்குன்னே எனக்குத் தெரிஞ்ச ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர் இருக்காங்க. இங்கேயே வந்து பண்ணிக் கொடுப்பாங்க."

"ஆள் எப்படி?"

"கை அவ்வளவு சுத்தம். பேச்சு கம்மி. என் கணுக்கால்ல ஒரு தகடும் ஆறு ஸ்க்ரூவும் இருக்குல்ல, அது போடும்போது..."

"அண்ணே, கணுக்கால் கதையை இன்னொரு நாள் நிதானமா கேக்கறேன். விஷயம் வெளிய போகாதே?"

அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வெளிய போகாது தம்பி. நாளைக்கு மத்தியானம் வந்து எடுத்துக்குங்க."

புது ஸ்க்ரூவுக்கு வழி அவரே சொன்னார். அவர் டப்பாவிலேயே அதே அளவில் ஒன்று இருந்தது. வீட்டுக்கு வந்து போர்வையை மடித்தேன். தெறித்து ஓடிய தலையைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. போனால் போகிறது என்று குளித்துவிட்டு, செய்தித்தாளோடு உட்கார்ந்தேன். பொறுப்பைச் சரியான ஆளிடம் ஒப்படைத்தவனுக்கு வரும் நிம்மதி எனக்கு வந்திருந்தது.

ஒன்றரைக்கு அவள் வந்தாள்.

"கிட்டார் எங்க?"

"மொட்டை மாடில. பசை காயுது."

"பூட்டுக்குப் பசை எதுக்கு?"

"அது தொழில் ரகசியம். பந்தயம் இன்னைக்கு மத்தியானம்னு சொன்னேன், பசைக்காக நாளைக்குன்னு வச்சுக்கோ."

"சரி, வச்சுக்கறேன்" என்றாள்.

வீட்டைப் பெருக்கினாள். தூங்கினாள். ஐந்து மணிக்கு, "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்றாள். போகும்போது பரண் மேல் கெட்டுப்போய்க் கிடந்த ரேடியோவை இறக்கி, அதன் ஆன்டெனாவைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அது எதுக்கு?"

"ஒருத்தருக்கு வேணுமாம்."

"நடக்கப் போறவங்களுக்கு ஆன்டெனா எதுக்கு?"

"எனக்கு இல்லங்க. ஒருத்தருக்கு."

பெண்கள் ஒருவருக்கொருவர் எதைக் கொடுத்து எதை வாங்கிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தால் ஆயுள் போதாது. விட்டுவிட்டேன். ஏழு மணிக்குத் திரும்பி வந்தபோது அவள் தலைமுடியில் மரத்தூள் ஒட்டியிருந்தது.

"தலையில என்ன தூள்?"

"மரத்தடியில உட்கார்ந்திருந்தேன்."

நகராட்சி மரம் வெட்டுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். குளியலறையிலிருந்து ஒரு தேய்ந்த சோப்புத் துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"எதிர்வீட்டு அண்ணியைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தடுத்தால் சந்தேகம் வரும். அவள் வாசலைத் தாண்டியதும் போனை எடுத்தேன்.

"அண்ணே, என் வீட்டுக்காரி அங்க வரா."

"தெரியும் தம்பி. இப்பத்தான் கேட் பக்கத்துல தலை தெரியுது."

"கிட்டாரை எங்கயாவது மறைச்சிடுங்க."

"எப்படி மறைக்கறது? ஸ்பெஷலிஸ்ட் இப்ப வேலை பார்க்கற நேரம்."

"இப்பவா? எந்த ரூம்ல?"

"பின்னால, கருவி ரூம்ல."

"அந்த ரூமுக்குள்ள மட்டும் என் மனைவியை விட்டுடாதீங்க. அவ அண்ணிகூட முன்னால பேசிட்டிருக்கட்டும்."

மறுமுனையில் யாரோ இருமினார்கள்.

"கஷ்டமான காரியத்தைச் சொல்றீங்க தம்பி" என்றார். "சரி, ஸ்பெஷலிஸ்ட் வேலை பார்க்கறதை உங்க வீட்டம்மா வேற எங்கயும் இருந்து எட்டிப் பார்க்க மாட்டாங்க. அது என் பொறுப்பு."

அந்த ஒரு வார்த்தை போதும் என்று போனை வைத்தேன். இரண்டு மணி நேரம் அந்த வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு அவள் வெளியே வந்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. நேராகக் குளிக்கப் போனாள். தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் ஒரே ஓட்டமாக எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

கிட்டார் மேஜை மேல் கிடந்தது. கொம்பில் புதுக் குமிழ், தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பியது மாதிரி. அடியில் மெத்தென்று ஃபெல்ட் துணி வளையம். ஆட்டிப் பார்த்தேன். மலை மாதிரி நின்றது. சும்மா சொல்லக் கூடாது, அடிப்பக்கம் நான் மாட்டியதையும் அந்த ஆள் கழற்றி நேராக்கி மாட்டியிருந்தார்.

"அண்ணே, அவருக்கு என்ன செய்யணும் நான்?"

"ஒண்ணும் வேண்டாமாம். மத்தியானத்துல ஒரு ரெண்டு மணி நேரம் நிம்மதியா தூங்கக் கிடைச்சாப் போதும்னாங்க."

"பாவம், உழைச்சுக் களைச்ச மனுஷன்" என்றேன். மனதார வாழ்த்தினேன்.

சாப்பாடு முடிந்தது. ஒரு மணிக்கு, கூடத்தின் நடுவில் நின்றேன். நின்றேன் என்பதைக் கவனியுங்கள். வாரை மாட்டினேன். க்ளிக். இன்னொரு பக்கம். க்ளிக். இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு ஒரு குதி குதித்தேன். கிட்டார் என் கூடவே குதித்தது.

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பக்கத்தில் நின்று, குனிந்து பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கே."

"வராம?"

"எப்படிப் பண்ணீங்க? சொல்லுங்களேன்."

கேட்பவர் ஆர்வமாகக் கேட்டால் சொல்பவனுக்கு உற்சாகம் வரும்தானே. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். நான் நின்றபடியே விளக்கினேன்.

"முதல்ல மரத்தோட குணம் தெரியணும். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம். அதைக் கையால தடவியே நான் கண்டுபிடிச்சிடுவேன்."

"ம்."

"அப்புறம் ஸ்க்ரூவை வைக்கற கோணம். அரை டிகிரி தப்பினா போச்சு. உங்க டாக்டருங்க எல்லாம் மயக்க மருந்து கொடுத்துட்டு வேலை பார்க்கறாங்க. எனக்கு அந்த வசதி இல்ல."

"ஆமா, இல்ல. ஸ்க்ரூ எதுவும் உடையலையே?"

"என் கையிலயா?" சிரித்தேன்.

"சில பேர் சோப்புத் தடவுவாங்களாமே, வழுக்கிட்டுப் போறதுக்கு."

"அதெல்லாம் தொழில் தெரியாதவங்க பண்றது."

"இந்த வளையத்துக்கு அடியில ஒரு சின்ன வட்டம் தெரியுதே. புதுசா ஒரு துண்டு மரம் வச்ச மாதிரி."

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். தெரியத்தான் செய்தது. மயிரிழை அளவுக்கு ஒரு வட்டக்கோடு.

"அது மரத்தோட ரேகை" என்றேன். "சில மரத்துக்கு வட்டமா வரும். வயசைக் காட்டும்."

"எத்தனை வயசு?"

"சின்ன வட்டம்தானே. சின்ன வயசு."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஒரு கேள்விக்கும் நான் தடுமாறவில்லை. இருபது வருஷம் கையேடு எழுதியவனுக்கு, செய்யாத வேலையை விளக்குவது ஒரு பெரிய விஷயமா? சொல்லச் சொல்ல எனக்கே நான்தான் செய்தேன் என்று தோன்றிவிட்டது. ஆம்ப்ளிஃபயரை இழுத்து வந்து ஒயரைச் செருகினேன்.

"ஆக, பந்தயம் முடிஞ்சுது. இனிமே ரெண்டுலேர்ந்து நாலு என்னுது. கவலைப்படாத, முதல் வாரம் சத்தம் கம்மியாவே வச்சுக்கறேன்."

"அது உங்க இஷ்டம்" என்றாள். "ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு. இதோ வரேன்."

உள்ளே போய்விட்டு வந்தாள். கையில் மூடி போட்ட ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. அதோடு ஒரு தாள், ஒரு பேனா. டப்பாவை என் உள்ளங்கையில் வைத்தாள். உள்ளே ஏதோ கலகலத்தது.

"என்ன இது?"

"எங்க தியேட்டர்ல ஒரு முறை இருக்கு. உடம்புலேர்ந்து பழைய ஸ்க்ரூ, தகடு எதை எடுத்தாலும் சரி, டப்பாவுல போட்டு, சீட்டு ஒட்டி, சொந்தக்காரங்க கையில கொடுத்துடணும்."

டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டை அவளுடைய உருண்டையான கையெழுத்தில் படித்தேன். 'நோயாளி: கிட்டார். இடம்: மேல்கொம்பு. எடுக்கப்பட்டது: உடைந்த ஸ்க்ரூ ஒன்று, இரண்டு துண்டுகளாக.'

"தலை சோபா அடியில இருந்தது. நேத்து மத்தியானமே பெருக்கும்போது கிடைச்சிடுச்சு" என்றாள். "மீதி எங்கன்னு தேடிட்டிருந்தேன். ஒரு துண்டு கைக்கு வந்து இன்னொரு துண்டு வரலைன்னா எங்களுக்கு இருப்புக் கொள்ளாது. அப்பத்தான் அண்ணன் போன் பண்ணினாரு."

"அண்ணன் ஸ்பெஷலிஸ்ட்னு சொன்னது..."

"அவருக்குத் தெரிஞ்சவ நான் ஒருத்திதாங்க. அவர் கணுக்காலுக்கு அளவு பார்த்து ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தது நான்தான். உடைஞ்ச ஸ்க்ரூவுக்கு நாங்க உள்ள ஓட்டையா இருக்கற குழாய் ஒண்ணை வச்சு, அதைச் சுத்தி அறுத்து எடுப்போம். இங்க அது இல்ல. ஆன்டெனாக் குழாயில அரத்தால பல்லு வெட்டிக்கிட்டேன். ஸ்க்ரூவை எடுத்த ஓட்டையில மரக்குச்சி வச்சுப் பசை போட்டு, காயவிட்டு, காலையில சின்னதாத் துளை போட்டு முடுக்கினேன். பசைன்னு நீங்க சொன்னது சரியாத்தான் போச்சு."

எனக்கு முகம் சுட்டது. அரை மணி நேரமாக அவளுக்கே அவள் வேலையை விளக்கியிருக்கிறேன். ஒரு பக்கம் வெட்கம். இன்னொரு பக்கம், மறைத்து என்ன, பெருமையாகவும் இருந்தது. இவ்வளவு தெரிந்தவளோடு பதினாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், இரண்டாவதாக ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை எனக்கு. ஆனாலும் பெருமை வேறு, பந்தயம் வேறு. அவ்வளவு சுலபத்தில் விட்டுவிட முடியுமா?

"இரு, இரு" என்றேன். "யார் உதவியும் இல்லாமன்னுதானே பந்தயம். நீ யாரு? நீயும் நானும் வேறயா? உன் கை என் கை. அப்ப நானே பண்ண மாதிரிதானே?"

அவள் யோசித்தாள். நியாயம்தான் என்பது போலத் தலையை ஆட்டினாள். எனக்கு உயிர் வந்தது.

"சரி, நாம ரெண்டு பேரும் ஒண்ணு. ஒத்துக்கறேன்" என்றாள். "நீங்க கதவைத் தட்டிப் போய் நின்னது அண்ணன்கிட்ட. அவரும் நீங்களும் ஒண்ணா?"

வாரின் பித்தானை இழுத்தேன். க்ளிக் என்று விட்டது. அந்தப் பக்கமும் இழுத்தேன். பூட்டு பிரமாதமாக வேலை செய்தது.

அவள் தாளை மேஜை மேல் விரித்து, அடியில் ஒரு கோட்டைக் காட்டி, பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினாள்.

"ரெண்டு துண்டும் சரியா இருக்கான்னு எண்ணிப் பார்த்துட்டு, நோயாளியோட சொந்தக்காரர்ங்கற இடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க. போட்டுட்டு அந்த ஒயரைக் கழட்டிடுங்க, மணி ரெண்டாகப் போகுது, எனக்குத் தூக்கம் வருது."